நிறம் பிசகிய சுருட்டும் ஒரு வியாழக்கிழமை இரவும்

டுசல்டோர்ஃப் என்றால் எங்கட சனத்துக்கு முதலில் நினைவில் வருவது விமான நிலையம்தான். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து இறங்குவார்கள். இறங்கிய கையோடு காரில் ஏறி டோர்ட்முண்ட், எசன், ஹம் என்று போய்விடுவார்கள். நகரத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. பார்த்தவர்களும் றைன் ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்து, "நல்ல துப்பரவான இடம்" என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் இந்த நகரத்தின் குசினிகளில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். வந்த புதிதில் கோப்பை கழுவினேன். பிறகு சலாட் வெட்டினேன். இப்போது அடுப்படியில் நிற்கிறேன். நானும் இந்த நகரத்தைப் பெரும்பாலும் பின்கதவு வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இது நான் ஒரு பாட்டுக்குழுவைப் பார்க்கப் போன கதை. எந்த வருடம் என்று எழுதமாட்டேன். அன்றைக்கு முதலாளியிடம் சொன்ன பொய் அப்படி! கொரோனாவுக்கு முந்தி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனால் இப்போது கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறதே.

குழுவின் பெயர் ஃபேல்ஃபார்பன். இந்த ஊர்க் குழு. 1979இல் தொடங்கியது. உங்களில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். பாடுபவரின் பெயர் பீற்றர் ஹைன். உடனே "அட, அந்நியன், எந்திரன் சண்டைக்காட்சி மாஸ்டரோ?" என்று கேட்காதீர்கள். என் மனைவியும் அப்படித்தான் கேட்டாள். அவர் வேறு, இவர் வேறு. இவர் சண்டை பிடித்ததெல்லாம் ஒலிவாங்கியோடு மட்டும்தான்.

நான் 2000ஆம் ஆண்டு கடைசியில் ஜேர்மனிக்கு வந்தவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானபீடத்தில் ஒரு வருடமும் கொஞ்சமும் படித்திருந்தேன். ஆனையிறவு விழுந்து தென்மராட்சியில் சண்டை நடந்த வருடம் அது. பரமேஸ்வராச் சந்தியில் சைக்கிளை ஒரு நண்பனின் கையில் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு வந்தேன். பிறகு இங்கே. நொய்ஸ் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் போட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டுசல்டோர்ஃப். பாலத்தைத் தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம் வேண்டும். இரவில் அக்கரையில் கோபுரத்தின் வெளிச்சம் தெரியும். அங்கே போகக் கடிதம் இல்லை.

ஒரு வருடம் கழித்து வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அதே ஆற்றைத் தாண்டி ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜேர்மன் கெல்னர் இருந்தார். மெலிந்த மனிதர். சனத்தோடு சிரித்துக் கதைப்பார். குசினிக்குள் வந்ததும் முகத்தைக் கழற்றி வைத்துவிடுவார். நான் முகாமில் கொடுத்த பாடப்புத்தகத்தைப் பார்த்து ஜேர்மன் மொழி படித்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒரு கோப்பித் தேநீர் விருப்பம்", "புகையிரத நிலையம் எங்கே உள்ளது" போன்ற வசனங்கள். ஒருநாள் அவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்து, "இப்படி ஒருவனும் கதைக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை ஒரு கசற் கொண்டுவந்து தந்தார். பென்சிலால் பெயர் எழுதியிருந்தது. "மொனார்ஷி உண்ட் அல்டாக்". முடியாட்சியும் அன்றாட வாழ்வும் என்று தமிழில் சொல்லலாம். 1980இல் வந்த தட்டு. அவர் கசற்றில் பதிந்து வைத்திருந்தார்.

முதல் நாள் கேட்டபோது பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். கோபத்தோடு கத்துகிற ஒரு குரல், கம்பி அறுந்துவிடுமோ என்று பயப்படவைக்கிற கிற்றார், நடுவில் ஒரு சக்ஸபோன். இளையராஜாவின் வயலினில் வளர்ந்த காதுக்கு இது எப்படிப் பிடிக்கும்? ஆனால் வேறு கசற் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கையில் வந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கு மூன்று இரவு.

அந்தத் தட்டின் கடைசிப் பாட்டின் பெயர் "பவுல் இஸ்ட் டோட்". பவுல் இறந்துவிட்டான். மூன்றே சொல். ஏழெட்டு நிமிடம் ஓடும் பாட்டு. நான் அகராதி பார்க்காமல் முழுசாக விளங்கிக்கொண்ட முதலாவது ஜேர்மன் வசனம் அதுதான். முகாமில் வரிசையில் நின்று ஊருக்கு ரெலிபோன் எடுத்த காலம். அம்மா சுகம் விசாரித்து முடித்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு ஒரு பெயரைச் சொல்லுவா. பெயருக்குப் பிறகு வருகிற சொல் எப்போதும் ஒன்றுதான். பெயரை மட்டும் மாற்றினால் இந்தப் பாட்டின் தலைப்புதான் ஊரிலிருந்து வந்த செய்தி. பாட்டில் வரும் பவுலின் கதை வேறு. அது பிறகுதான் விளங்கியது. அதற்குள் பாட்டு என்னுடையதாகிவிட்டிருந்தது.

குழுவின் பெயருக்கு அர்த்தம் கேட்டபோது கெல்னர் சிரித்தார். ஃபேல்ஃபார்பன் என்பது சுருட்டுக்காரரின் சொல். சுற்றி முடித்த சுருட்டின் மேல் இலையில் நிறம் பிசகியிருந்தால், திட்டுத் திட்டாக இருந்தால், அதை நல்ல பெட்டியில் அடுக்கமாட்டார்கள். உள்ளே இருக்கிற புகையிலை அதேதான். மேல் தோலின் நிறம்தான் பிழை. விலையைக் குறைத்து விற்பார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கட அப்பப்பாவின் ஞாபகம் வந்தது. கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலில் இருந்து சுற்றியவர். தென்னிலங்கைக்குக் கட்டுக் கட்டாகப் போன சுருட்டு. கொட்டிலில் ஒருவர் உரத்துப் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள் என்று சொல்லுவார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ரஷ்யா, வியட்நாம் எல்லாம் கதைப்பார். கழித்து விடுகிற சுருட்டை வேலைக்காரர் தாங்களே பத்துவார்களாம். "பிள்ளை, குடிக்கேக்க நிறம் ஆருக்குத் தெரியும்?" என்பார்.

சரி, இந்தக் குழுவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் வரலாறு சொல்லவேண்டும்.

1970களின் கடைசியில் இந்த நகரத்தின் பழைய பகுதியில், றாட்டிங்கர் வீதியில், றாட்டிங்கர் ஹோஃப் என்று ஒரு மதுச்சாலை இருந்தது. கார்மன் க்னோபல் என்ற பெண்மணி நடத்தினார். மற்ற இடங்களில் மெழுகுதிரி வெளிச்சமும் மரப்பலகையுமாக இருக்க, இவர் சுவரை வெறுமையாக்கி ரியூப் லைற் போட்டு ஆஸ்பத்திரி போல ஆக்கிவிட்டார். பக்கத்தில் ஓவியக் கல்லூரி. அங்கே படித்த பெடியள், பள்ளிக்கூடத்தை விட்ட பெடியள், வேலைக்குப் போகிற பெடியள் எல்லாரும் அங்கே கூடி, வாசிக்கத் தெரியாமலேயே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள். பின்னாளில் மைதானங்களை நிரப்பிய டி டோட்டன் ஹோசன் குழுவின் கம்பீனோவும் அந்தப் பட்டறைதான். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் மின்ட்ரோப் வீதியில் கிராஃப்ட்வேர்க் குழுவினர் தங்கள் ஸ்ரூடியோவில் இயந்திரங்களை வைத்து உலகத்தின் இசையை மாற்றிக்கொண்டிருந்த அதே ஊர்.

அதுவரை இங்கே றொக் பாடுகிறவர்களில் அநேகம் பேர் இங்கிலிஷில் பாடினார்கள். ஜேர்மன் என்றால் மலைப்பாட்டு, காதல் குழைவுப் பாட்டு. இந்தப் பெடியள்தான் தெருவில் கதைக்கிற ஜேர்மனை எடுத்துக் கத்தினார்கள். எங்களுக்கு இது புதிதில்லை. 1960களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரைத் தூக்கி யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் "சின்ன மாமியே" பாடினபோது, இதென்ன பாட்டு என்று முகம் சுளித்த பெரியவர்கள் எங்கட ஊரிலும் இருந்தார்கள். பிறகு ஏ.ஈ. மனோகரன் வந்து அந்தப் பொப்பிசையைக் கடல் கடத்தினார்.

கபி டெல்காடோ என்று ஒருவர். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஸ்பெயினில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர், 2020இல் காலமானார். துருக்கிக்காரர் பெருகி நாட்டைப் பிடித்துவிடப் போகிறார்கள் என்று சனம் பயந்ததை எடுத்து, அந்தப் பயத்தையே நக்கலடித்து ஒரு பாட்டு எழுதினார். அவருடைய டி.ஏ.எஃப். குழு அதைக் "கேபாப் கனவுகள்" என்று பாடியது. ஃபேல்ஃபார்பன் அதே சொற்களை வேறு இசையில் "மிலிட்யூர்க்" என்று பாடினார்கள். 1980 கதை. இன்றைக்கும் ரி.வி.யைப் போட்டால் அதே பயம்தான் ஓடுகிறது, நாட்டின் பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆனால் என்னைப் பிடித்துவைத்தது இவை எதுவுமில்லை. பீற்றர் ஹைன் ஒரு ஒபிஸில் வேலை செய்தவர். போட்டோக்கொப்பி மெஷின் செய்கிற றாங்க் செரொக்ஸ் கொம்பனியில். தட்டு வந்தது, பெயர் வந்தது, ஊர் ஊராகப் போகவேண்டும் என்ற நிலை வந்தது. வேலையா பாட்டா? 1981இல் அவர் குழுவை விட்டு விலகினார். வேலையைப் பிடித்தார். 1982இல் அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டு, "ஐன் யார்", தனித்தட்டாக வந்து நாடெங்கும் ஓடியது. ஓடும்போது பாடியவர் குழுவில் இல்லை! காலையில் ஒபிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாட்டையும் விடவில்லை. பின்னேரங்களில் ஃபமிலி ஃபைவ் என்று இன்னொரு குழுவில் பாடினார். இடையில் பழைய குழுவோடு ஒருமுறை சேர்ந்து பிரிந்தார். பிறகு 2002இல் "க்னீடீஃப் இம் டிஸ்போ" என்ற தட்டோடு எல்லாரும் திரும்ப வந்தார்கள். முழங்கால் மட்டும் வங்கிக் கடனில் என்று அர்த்தம். வங்கிக் கணக்கு மைனசில் போகிற எவனுக்கும் அந்தத் தலைப்பு விளங்கும்.

கெல்னர் இந்தக் கதையைச் சொன்னபோது கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொன்னார். "பயந்தவன்" என்றார். நான் அப்போது கோப்பை கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பயமாகத் தெரியவில்லை.

எங்கட சனத்தில் இரண்டே வகைதான். எல்லாவற்றையும் கொடுத்தவன், அல்லது ஒன்றுக்கும் உதவாதவன். படித்தால் டொக்டர், எஞ்சினியர். போனால் திரும்பி வராத அளவுக்குப் போகவேண்டும். நடுவில் நிற்பவனுக்குப் பெயர் "குறையில விட்டவன்". என் மனைவியின் அண்ணர் சுவிஸிலிருந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "நீங்கள் கம்பஸ் முடிச்சனீங்களோ, இல்ல..." என்று இழுத்து நிறுத்துவார். அந்த "இல்ல"வுக்குப் பிறகு வருகிற மௌனத்தில் நான் எழும்பிப் போய்த் தண்ணீர் எடுப்பேன். அவருக்கு விடை தெரியும். ஒவ்வொரு முறையும் கேட்பார்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஃபேல்ஃபார்பன் "ட்சாக்" என்ற இடத்தில் பாடுகிறார்கள் என்று ஒரு சுவரொட்டியில் பார்த்தேன். ஃப்ளிங்கர்ன் பகுதியில் ஃபிக்டன் வீதியில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கிற கலை மையம். அவ்வளவு காலமும் கசற்றில், பிறகு சீ.டி.யில், பிறகு யூரியூப்பில் கேட்டேனே தவிர ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. இந்த நாட்டில் கச்சேரி நடப்பது நாங்கள் வேலை செய்யும் நேரத்தில். சனம் சந்தோசமாக இருக்கும் நேரம்தான் எங்களுக்குப் பரபரப்பு.

ரிக்கெற் வாங்கிவிட்டு வீட்டில் சொன்னேன். "நிண்டுகொண்டு பாக்கிறதுக்கு உவ்வளவு காசோ? இஞ்சருங்கோ, ஹரிஹரன் வரேக்க கூப்பிட்டனான், கால் நோகுது எண்டனீங்கள்" என்றாள் மனைவி. மகள் யூரியூப்பில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இவை எல்லாரும் தாத்தாமார்" என்று தீர்ப்பளித்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

முதலாளியிடம் பல்லுக் கொதி என்று சொன்னேன். பொய். ஆனால் எனக்குப் பதிலாக நிற்க மணியண்ணை வேண்டும். அவர் பொய்க்கு மசியமாட்டார். உண்மையைச் சொன்னேன். கத்தியைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "தம்பி, வெள்ளைக்காரன்ர கூத்துப் பாக்க நான் உனக்கு வெங்காயம் உரிக்கோணுமோ? சரி. ரெண்டு ஞாயிறு தாறாய்" என்றார். ஒப்பந்தம் முடிந்தது.

வியாழன் பின்னேரம் குளித்து, இருப்பதில் நல்ல சேர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்துக்கொண்டு, நொய்ஸில் யூ75 ஏறினேன். அந்த வண்டி எங்கட பக்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி, பிரதான ஸ்டேசனைத் தாண்டி, நேரே ஃப்ளிங்கர்ன் பக்கம் போகும். மண்டபத்துக்குள் போனால் எல்லாரும் என்னைவிடப் பத்து, பதினைந்து வயது கூடியவர்கள். கறுப்புச் சேர்ட், தலையில் முடி குறைவு. இஸ்திரி போட்ட சேர்ட்டோடு நின்றது நான் ஒருவன்தான். சுவரோரம் போய் நின்றேன். ஐந்து நிமிடம்கூட இராது, ஒரு பெண்மணி வந்து இரண்டு வெறும் பியர்க் கோப்பைகளை என் கையில் தந்து, "நன்றி" சொல்லிவிட்டுப் போய்விட்டா. கையும் தானாகவே நீண்டு வாங்கிவிட்டது. பழக்கதோஷம்! அங்கே கோப்பைக்கு ஃபான்ட் காசு உண்டு. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கோப்பைக்கும் காசு தந்தார்கள். பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்துக்குக் காசு கிடைத்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

எட்டரைக்கு விளக்கை அணைத்தார்கள். நெஞ்சு அடித்தது. வந்தது அவர்கள் இல்லை. ஃபோர்பான்ட். தெரியாதவர்களுக்கு: பெரிய குழுவுக்கு முதல் ஏறிச் சனத்தைச் சூடேற்றுகிற சின்னக் குழு. முதலாவது, ஒற்றை ஆள். மேசையில் ஒரு கணனி, நாலைந்து வயர். வயரைப் பிடுங்கினார், கொழுவினார். ஊரில் லக்ஸ்பிரே ரின்னில் கல்லுப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம் வந்தது. அரைமணி நேரம் அதே சத்தம். இடையில் ஒருமுறை நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். முடியவில்லை.

இரண்டாவது ஒரு இளம் குழு. நாலு பெடியள். கிற்றாருக்குச் சுருதி சேர்த்தார்கள். ஒரு பாட்டு. திரும்பவும் சுருதி. பிறகு தங்கள் வான் வழியில் பழுதுபட்ட கதை. பிறகு சுருதி. பாடியது இங்கிலிஷில், எந்த ஊர் உச்சரிப்பு என்று பிடிபடாத இங்கிலிஷ். எனக்கு எரிச்சல் ஏறியது. கடைசி யூ75ஐ மனதில் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். இவர்கள் இழுக்கிற ஒவ்வொரு நிமிடமும் என் கணக்கிலிருந்து போகிறது. எத்தனை வருடக் காத்திருப்பு, மணியண்ணைக்கு இரண்டு ஞாயிறு, பல்லுக் கொதிப் பொய், எல்லாம் இவர்களின் சுருதிக்கா? சுற்றியிருந்தவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று கதைத்தார்கள். நானும் திரும்பிப் பியர் வாங்கப் போனேன். அப்போது பாடின பெடியன் ஒலிவாங்கியில், "இன்னும் ஒன்றுதான், பிறகு போய்விடுவோம்" என்றான். குரல் உடைந்திருந்தது.

எனக்கு அந்தக் குரல் தெரியும்.

1994. எங்கட ஊர்க் கோயில் திருவிழா. மின்சாரம் இல்லாமல் நாலு வருடம். பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் பூட்டி, ஒருவன் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுகிறவன் களைத்தால் பாலசுப்பிரமணியத்துக்கும் தொண்டை கட்டும். திருவிழாவுக்கு மட்டும் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் பிடிப்பார்கள். அன்றைக்கு ஒரு பெயர்பெற்ற இசைக்குழு. அவர்கள் வாத்தியம் அடுக்கும் வரைக்கும் பள்ளிக்கூடப் பெடியள் நாங்கள் இரண்டு பாட்டுப் பாட அனுமதி. நான் பொங்கோஸ். என் நண்பன் ஒருவன் பாடகன். நல்ல குரல். பக்திப் பாட்டு ஒன்று பாடினோம், பரவாயில்லை. இரண்டாவதுக்கு நண்பன் யாரையும் கேட்காமல் "சின்ன மாமியே" எடுத்துவிட்டான், சாமிக்கு முன்னால்! பாதியில் சனம் கத்தத் தொடங்கியது. "நிப்பாட்டு, நிப்பாட்டு." நாங்கள் வாத்தியத்தையும் எடுக்காமல் மேடையின் பின்பக்கத்தால் குதித்து ஓடினோம். அதற்குப் பிறகு நான் பொங்கோஸ் தொடவில்லை. அடுத்த வருடம் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போனபோது அதுவும் வீட்டோடு போய்விட்டது.

ஃப்ளிங்கர்னில் பியர் வரிசையில் நின்றபடி அந்தப் பெடியனின் கடைசிப் பாட்டைக் கேட்டேன். நல்ல பாட்டில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முடிந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

பத்து மணிக்குக் கிட்ட ஃபேல்ஃபார்பன் வந்தார்கள். ஆர்ப்பாட்டம் ஒன்றுமில்லை. கடை திறக்க வருகிறவர்கள் போல வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். பின்னால் டிரம்ஸில் ஒரு பெண், ஒரு பக்கம் விசைப்பலகை. நடுவில் அந்த மனிதர். சேர்ட் போட்டிருந்தார்! நான் சந்தோசப்பட்டேன். முதல் அடி விழுந்ததும் கையைக் காலை வீசிக்கொண்டு, ஒரு தாளத்துக்கும் கட்டுப்படாமல், குளவி கொட்டினவன் மாதிரி ஆடத் தொடங்கினார். அறுபதைத் தொடுகிற வயது. குரலில் அழகு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. ஆனால் கசற்றில் கேட்ட அதே கோபம், இருபது வயதுப் பெடியனின் கோபம், தேயாமல் இருந்தது. கைத்தொலைபேசியில் படம் எடுக்கவேண்டும் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டேன்.

புதிய பாட்டுகள் சில வந்தன. அவை வரும்போது சனம் கொஞ்சம் அடங்கியது. பிறகு பழைய தட்டின் பாட்டு ஒன்று, இன்னொன்று. எனக்கு எல்லாச் சொல்லும் தெரியும். வாய் விட்டுப் பாடினேன். கோப்பை தந்த அந்தப் பெண்மணி இப்போது எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்றா. திரும்பிப் பார்த்தா. பார்த்தபடியே இருவரும் ஒரே வரியைக் கத்தினோம். பிறகு அவ தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னா. சத்தத்தில் கேட்கவில்லை. நான் பொக்கற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தேன். அவவுக்கு அது விளங்கியிராது.

அவர் பாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று யோசித்தேன். இந்த மனிதர் எத்தனை வருடம் காலையில் எழும்பி ஒபிஸுக்குப் போயிருப்பார். மற்றவர்கள் தன் பாட்டை வைத்துப் பேர் வாங்கியதை றேடியோவில் கேட்டிருப்பார். யாரோ ஒரு மைத்துனர் அவரிடமும், "நீங்கள் அந்த பான்ட்டில இருந்தனீங்கள், இல்ல..." என்று இழுத்திருப்பாரோ? இருந்தாலும் இருந்திருக்கும். அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நல்ல கெட்ட வார்த்தை தெரிந்த ஆள்.

மணி பதினொன்றரையைத் தாண்டியது. நான் வெளிக்கிடவேண்டும். சரியாக அந்த நேரம் மேடையை விட்டு இறங்கினார்கள். சனம் காலால் தரையை உதைத்துக் கூப்பிட்டது. கதவுவரை வந்துவிட்டேன். ஜக்கற்றில் ஒரு கை நுழைந்துவிட்டது. பாஸ் கிற்றார் தனியாகத் தொடங்கியது. எனக்கு இரண்டாவது சுரத்திலேயே தெரிந்துவிட்டது. பவுல்.

அப்படியே நின்றேன். ஒரு கை ஜக்கற்றுக்குள், மற்றக் கை வெளியே. எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ. அம்மா ரெலிபோனில் மூச்சு விட்டுச் சொன்ன பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எழுதமாட்டேன். அவை எண்ணிக்கையில் பாட்டைவிட நீளம். அழவில்லை. கதவடியில் நின்ற காவலாளி, "உள்ளயா வெளியயா?" என்று கையால் கேட்டார். நான் கையால் "பொறு" என்றேன். அவரும் கதவில் சாய்ந்து நின்று முழுதும் கேட்டார்.

கடைசி வண்டி போய்விட்டது. பிரதான ஸ்டேசனுக்கு நடந்தேன். அடுத்த வண்டி விடியத்தான். டக்சிக்குக் கொடுத்தால் மனைவியிடம் ரிக்கெற் கணக்கோடு அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாங்கில் இருந்தேன். கனடாவில் அப்போது பின்னேரம். அந்தப் பாடகன் ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறான். நாலைந்து வருடமாகக் கதைக்கவில்லை. சண்டை ஒன்றுமில்லை, சும்மா விடுபட்டது. எடுத்தேன்.

"என்ன மச்சான் இந்த நேரம்? ஆரும்...?" என்றான் முதலில். எங்கட ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் ரெலிபோன் எடுக்கிறோம்.

"ஒருத்தரும் இல்லையடா. பாட்டுக் கேட்டிட்டு இருக்கிறன்."

"தண்ணியோ?"

"ஒரு பியர். டேய், கோயில்ல எங்களை இறக்கினது ஞாபகம் இருக்கோ? சனம் கூக்காட்டினது?"

கொஞ்ச நேரம் லொறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சிரித்தான்.

"விசரா, சனம் எங்களுக்கோ கத்தினது? ஜெனரேற்றர் புகைஞ்சதடா. மண்ணெண்ணெய் ஒழுகி நெருப்புப் பிடிக்கப் பாத்தது. அதைத்தான் நிப்பாட்டச் சொன்னவை. நீ குதிச்சு ஓடின உடன நானும் ஓடினான். பிறகு சபைத் தலைவர் என்னைத் தேடி வீட்டை வந்தவர், 'மிச்சப் பாட்டைப் பாடுறியோ தம்பி' எண்டு. உன்னைத் தேடினா, ஆளில்லை."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்ல."

அவன் சொல்வது உண்மையா, அல்லது அவனுக்கு அப்படி ஞாபகமா தெரியாது. புகை மணந்ததாக இப்போது எனக்கும் தோன்றுகிறது. சொன்ன பிறகு தோன்றுகிற மணத்தை நம்பலாமோ? விடியும்வரை கதைத்தோம். அவன் லொறியை எங்கேயோ நிறுத்திவிட்டு "சின்ன மாமியே"யின் மிச்சத்தைப் பாடினான். குரல் தடித்துவிட்டது. நான் ஸ்டேசன் வாங்கில் இரண்டு விரலால் தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி வேறு வாங்குக்குப் போனார்.

வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு பத்து மணிக்கு வேலைக்கு வந்தேன். முதலாளி, "பல் எப்படி?" என்றார். "கழற்றவில்லை, பார்க்கலாம் என்று சொன்னார்கள்" என்றேன். மணியண்ணை நிமிராமல் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பிடி தம்பி கூத்து?"

"முதல் ரெண்டும் சரியில்லை அண்ணை. மூண்டாவது நல்லம்."

"அப்ப ரெண்டு ஞாயிறு சரி" என்றார்.